பாதி தள்ளி விழுந்த அச்சு

தசரதன் என் தங்கை சந்திரகலாவின் புருஷன். அவன் பெயரை என் வீட்டில் ஒன்பது வருஷமாக யாரும் எடுப்பதில்லை. எடுக்க நான் விடுவதில்லை. இந்தக் கதையை அவனை விட்டுவிட்டுச் சொல்ல முடியவில்லை, என் தலையெழுத்து.

என் பெயர் முருகவேல். திருவண்ணாமலை – கீழ்பென்னாத்தூர் தடத்தில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு அடி அண்ணாமலையில். கண்டக்டருக்குக் கண் டிக்கெட்டில் இருக்கும், வாய் படிக்கட்டில் தொங்குகிறவனைத் திட்டிக்கொண்டிருக்கும், கட்டைவிரல் காசில் இருக்கும். கைக்கு வந்த காசில் ஏதாவது கோளாறு என்றால் என் விரலுக்குத் தெரிந்துவிடும், குனிந்துகூடப் பார்க்க வேண்டாம். அப்படி வந்த காசை எடுத்துக்கொண்டு, பையில் என் சொந்தக் காசைப் போட்டுவிடுவேன். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு டப்பா நிறையச் சேர்ந்தது.

இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நாணயம் அடிக்கிற இடத்தில் வெறும் உலோக வட்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள். வட்டு சரியாக உட்காராமல் நகர்ந்திருந்தால் அச்சு ஓரமாக விழும். ஒரு பக்கம் படம் இருக்கும், மிச்சம் வழவழவென்று வெறுமையாக நிற்கும். ஆஃப் சென்டர் காசு என்று சொல்வார்கள். கொஞ்சமாகத் தள்ளியிருந்தால் அது டீக்குக்கூட ஆகாது. பாதிக்குப் பாதி தள்ளியிருந்து, வருஷம் மட்டும் நாலு எண்ணும் முழுசாக விழுந்திருந்தால் அதற்குத்தான் ஆள் அடித்துக்கொள்வான். வருஷம் வெளியே போய்விட்டால் விலையும் கூடவே போய்விடும். இதை எத்தனை தடவை சொன்னாலும் ஜனங்கள் தேய்ந்துபோன பழைய காசைத் துணியில் முடிந்துகொண்டு வந்து, "யூடியூப்ல கோடி ரூபானு சொல்றாங்கண்ணே" என்பார்கள். போய்ப் பிழைப்பைப் பாருங்கள் என்று துரத்திவிடுவேன்.

தசரதனுக்குத் திருவண்ணாமலை டவுனில், தேரடித் தெருவில் வாட்ச் ரிப்பேர் கடை. கண்ணில் மாட்டுகிற லென்ஸ் ஏற்கெனவே இருந்ததால் அவனும் காசு பார்க்கக் கிளம்பினான். யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டான்? என்னைப் பார்த்துத்தான். வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் காசுக் கண்காட்சி நடந்தது. நான் ஒரு இரண்டு ரூபாய்க் காசைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். ஆயிரத்து எண்ணூறு கொடுத்து வாங்கியது. இவன் வந்தான், லென்ஸை மாட்டினான், நாற்பது பேர் பார்க்கச் சிரித்தான். "மச்சான், இது பட்டறை வைஸ்ல இறுக்கி மாட்டி அரம் போட்டது. நல்லா ஏமாந்துட்டீங்க" என்றான். மண்டபமே சிரித்தது.

அது போலிதான். எனக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அதற்காக? என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்லக் கூடாதா? வீட்டுக்கு வந்து சொல்லக் கூடாதா? அன்றோடு சரி. தங்கையும் வருவதில்லை, நானும் போவதில்லை. தீபாவளிக்குச் சீர் என்று என் பெண்டாட்டி பை எடுத்தால் அந்தப் பையை வாங்கி உத்தரத்தில் மாட்டிவிடுவேன்.

இந்த ஆனி மாதப் பௌர்ணமி முடிந்து மூன்றாம் நாள் காலை, சரசு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எங்கள் ஊர்க்காரி. கிரிவலப் பாதையில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பூ விற்கிறவள். முழங்கால் தேய்ந்துவிட்டது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. சொல்லிவிட்டு அவர் போய்விட்டார், இவள் கூடையைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். "பௌர்ணமி அன்னிக்கு யாரோ குடுத்துட்டுப் போயிட்டாங்க. டீக்கடையில வாங்க மாட்டேன்ட்டான். தேரடில உங்க மச்சான் கடையில காட்டுனேன். பன்னெண்டாயிரம் தர்றேங்கறாரு."

"எவ்ளோ?"

"பன்னெண்டாயிரம்ணே. எனக்கே பயமா போச்சு. கருப்பன் பழைய தள்ளுவண்டி ஒண்ணு விக்கறான், பத்தாயிரம் சொல்றான். அத்த வாங்கிட்டா கூடைய எறக்கி வச்சிருவேன். ஒருத்தர் இவ்ளோ தர்றேன்னா இன்னொருத்தரையும் கேட்டுக்கோனு என் பொண்ணு சொல்லிச்சு. உங்களைத் தவிர எனக்கு யாரைத் தெரியும்?"

காசை உள்ளங்கையில் வாங்கினேன். ஐந்து ரூபாய், மஞ்சள் நிறம். அச்சு சரிபாதி தள்ளி விழுந்திருந்தது. ஒரு புறம் சிங்கத்தில் பாதி, திருப்பினால் ஐந்தில் பாதி, அதன் கீழே இரண்டாயிரத்துப் பதினைந்து என்று நாலு எண்ணும் கொட்டை கொட்டையாக. வெறும் பக்கம் இரண்டு முகத்திலும் ஒன்றுக்கொன்று நேராக நின்றது. அரத்தின் கீறல் ஒன்றுகூட இல்லை. அச்சைச் சுற்றி இருக்கிற வளையத்துக்குள் அடங்காமல் அடி வாங்கியதால் வட்டம் ஒரு பக்கம் லேசாகப் பிதுங்கியிருந்தது. என் சின்னத் தராசில் வைத்தேன். ஆறு கிராம், கம்மியும் இல்லை ஜாஸ்தியும் இல்லை. அரம் போட்ட காசு எடை குறையும். இது அசல். என் டப்பாவில் இருக்கிற அத்தனையையும் கொட்டிக் கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது. வயிறு எரிந்தது, ஆமாம், எரிந்தது. ஒளிப்பானேன்?

தசரதன் கைக்கு இது போகப் போகிறது. அடுத்த கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து நடுநாயகமாக உட்காருவான். அந்த நாற்பது பேரும் வந்து கை கொடுப்பார்கள்.

"இது போலி" என்றேன்.

சரசு முகம் சுருங்கிவிட்டது. "நல்லாப் பாத்தீங்களாண்ணே?"

"பாத்துட்டுத்தான் சொல்றேன். வைஸ்ல மாட்டி அரம் போட்டது. கள்ளக் காசு. இதை விக்கப் போனேன்னு வையி, போலீஸ் கேஸாயிரும். அந்தத் தேரடி ஆளு உன்னை ஏதோ வம்புல மாட்டிவிடப் பாக்கறான்."

என் மனசில் ஓடியது இதுதான். இவள் நேராகத் தேரடிக்குப் போவாள், நாலு பேர் இருக்கும்போது அவன் கடையில் நின்று கத்துவாள், அவன் மானம் போகும். பத்து நாள் கழித்து நான் "கொடு, இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்று வாங்கி, நானே நியாயமான விலை கொடுத்துவிடுவேன். வண்டியும் வந்துவிடும். யாருக்கும் நஷ்டம் இல்லை என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். நல்ல கணக்கு, நாசமாய்ப் போக!

ஐந்து நாள் பொறுத்தேன். தேரடியில் சண்டை நடந்ததாகச் செய்தி எதுவும் வரவில்லை. ஆறாம் நாள் பாதையில் அவளைப் பிடித்தேன்.

"என்ன சரசு, அந்தக் காசை என்ன பண்ணே?"

"அதை வச்சிக்கினு நான் ஜெயிலுக்குப் போறதுக்கா? அன்னிக்கே கொண்டுபோய் எல்லையம்மன் உண்டியல்ல போட்டுட்டேண்ணே. உங்க மச்சான்கிட்டயும் போய் உண்டியல்ல போட்டுட்டேன் சாமினு சொல்லிட்டேன். அவரு என்னமோ தலையில அடிச்சுக்கினாரு."

எப்படி இது என் புத்திக்கு எட்டாமல் போயிற்று? எங்கள் ஊரில் கடைக்காரன் வாங்காத காசு எங்கே போகும்? கிழிந்த நோட்டு, நேபாளக் காசு, செல்லாத நாலணா எல்லாம் சாமிக்குத்தான். டிக்கெட்டுக்கு நான் வாங்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்த காசை, "போவுது, உண்டியல்ல போட்டுக்கறேன்" என்று எத்தனை பேர் முந்தானையில் முடிந்துகொண்டு போயிருக்கிறார்கள். நானே போட்டிருக்கிறேன்.

அப்போதே அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சரி, வுடு" என்று வந்துவிட்டேன்.

எல்லையம்மன் கோயில் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது. சின்னக் கோயில், வருஷத்துக்கு ஒரு தடவை ஆடி இரண்டாம் ஞாயிறு, கூழ் ஊற்றுவதற்கு முன்னால் உண்டியலைத் திறப்பார்கள். வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்துக் கொட்டி ஊரே உட்கார்ந்து எண்ணும். உண்டியலில் வளையல், மோதிரம் என்று பொருள் ஏதாவது வந்திருந்தால் அப்போதே அங்கேயே ஏலம். அதுதான் வழக்கம். நான் அன்று முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். மடியில் ஒரு ஐந்து ரூபாய் வைத்திருந்தேன். அந்தக் காசு என் கைக்கு வந்தால் இதைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வது, பஸ்ஸில் செய்ததுபோல. எடுத்து சரசுவிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

நிமிர்ந்து பார்த்தால் எதிர் வரிசையில் தசரதன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு இந்த ஊரில் என்ன வேலை? மாமனார் ஊர் கோயிலுக்கு ஒன்பது வருஷமாக இல்லாத பக்தி இன்றைக்கு எங்கிருந்து வந்தது? என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்தான். நான் ஜமக்காளத்தில் துப்பாத குறை.

கை கையாகக் காசைத் தள்ளினோம். என் பக்கம் வரவில்லை. அவன் பக்கமும் வரவில்லை. கோயிலைப் பார்த்துக்கொள்கிற ராஜமாணிக்கம் கையில்தான் அகப்பட்டது.

"யோவ், என்னய்யா இது பாதிக் காசு?" என்று தூக்கிப் பிடித்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து சரசு எழுந்து நின்றாள். பாவி, பேசாமல் இருந்திருக்கக் கூடாதா? "அது நான் போட்டதுங்க. கள்ளக் காசாம். முருகவேல் அண்ணன்தான் பாத்துச் சொன்னாரு. வீட்ல வச்சிருக்க பயமா இருந்துச்சு."

"கள்ளக் காசுனு தெரிஞ்சே அம்மன் உண்டியல்ல போட்டியா?" ராஜமாணிக்கம் குரல் ஏறிவிட்டது. "ஏம்மா, அம்மன்னா உனக்குக் குப்பைத் தொட்டியா? நாளைக்கு இதை பேங்க்ல கட்டுனா என்னைப் புடிச்சு உள்ள போடுவான்."

"செல்லாததை எல்லாருந்தானே போடறாங்க..."

"எதிர்த்து வேற பேசறியா? அபராதம் ஐநூத்தியொண்ணு கட்டு. ஊர் பாக்க அம்மன் முன்னாடி விழுந்து மன்னிப்புக் கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். ஊரும் என்னைப் பார்த்தது. நான் குனிந்து ஒரு ரூபாய்க் காசுகளைப் பத்துப் பத்தாக அடுக்கினேன். அடுக்கினது சரிந்தது, மறுபடியும் அடுக்கினேன். அந்த முழங்காலோடு அவள் சன்னதிக்கு முன்னால் மண்டி போட்டு, கையை ஊன்றி, விழுந்து, யாரோ கைலாகு கொடுத்து எழுந்தாள். சுருக்குப்பையில் இருந்ததை எல்லாம் கொட்டினாள். முந்நூற்றுச் சொச்சம்தான் இருந்தது. மிச்சம் நாளைக்கு என்றாள். நான் இன்னும் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தசரதன் பேசினான். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அவன் குரலைக் கேட்கிறேன்.

"பாவம், அந்தம்மாவைத் திட்டாதீங்க. கேட்ட ஆளு அப்படி. எங்க மச்சானுக்குக் காசு பாக்கத் தெரியாது. வேலூர்லயே சந்தி சிரிச்சுது."

"எவன்டா சொன்னது?" நான் எழுந்துவிட்டேன். வேட்டி காலில் சிக்கியது. "எனக்காடா தெரியாது? அது அசல்டா! எடை ஆறு கிராம், நான் போட்டுப் பாத்திருக்கேன். வருஷம் முழுசு. அரம் படல. உனக்கு முன்னாடி நான் பாத்தவன்டா காசை! பன்னெண்டாயிரம் போவும்டா அது!"

கூழ் கிண்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் துடுப்பை நிறுத்திவிட்டார்கள்.

"அப்ப அந்தம்மாகிட்ட ஏன் போலின்னு சொன்னீங்க?" என்று தசரதன் மெதுவாகக் கேட்டான்.

நான் காலில் சிக்கிய வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

ராஜமாணிக்கத்துக்கு அதெல்லாம் கவலையில்லை. காசைத் துண்டில் துடைத்தார். "அசலா? அப்ப அம்மன் பொருள். ஏலம் விட்டுரலாம்" என்றார். சரசுவின் அபராதப் பணத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். சரசு அதை வாங்கிக்கொண்டு நின்றாள். அவள் போட்டது, அவளுக்கே கொடுத்துவிடுங்கள் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். உண்டியல்ல விழுந்ததைத் திருப்பிக் குடுக்கற பழக்கம் எந்த ஊர்ல இருக்கு என்று ராஜமாணிக்கம் கேட்டார். சொன்னவரே தலையாட்டிவிட்டார்.

ஏலம் ஐந்நூறில் ஆரம்பித்தது. நானும் அவனும் மட்டும்தான். ஆயிரம் என்றான். இரண்டாயிரம் என்றேன். ஐந்து, எட்டு, பன்னிரண்டு. பன்னிரண்டிலேயே அதன் விலை முடிந்துவிட்டது, அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பதினைந்து என்றான். பதினெட்டு என்றேன். பின்னாலிருந்து என் பெண்டாட்டி சட்டையைப் பிடித்து இழுத்தாள். கையைத் தட்டிவிட்டேன். இருபத்தைந்து என்றான்.

"இருபத்தாறு!"

தசரதன் கைகட்டிக்கொண்டான். "மச்சானுக்கே இருக்கட்டும். நல்லாப் பாத்து வாங்கியிருக்காரு" என்றான். மறுபடியும் ஒரு கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும். காசு என் கையில் இருந்தது. அம்மனுக்கு ஜால்ரா தட்டி, தீபாராதனை காட்டி, என் நெற்றியில் விபூதி வைத்தார்கள்.

சரசு கோயிலுக்குப் பின்னால் அடிபம்பு ஓரமாகப் பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கிட்டே போய்க் காசை நீட்டினேன்.

"இந்தா சரசு. உன் காசு. மீட்டுக்கினு வந்துட்டேன்."

அவள் கையை நீட்டவில்லை. "அம்மனுக்குப் போட்டதைத் திருப்பி எடுத்தா என் பொண்ணு விளங்குமா?"

"அப்ப காசு வேணாம். பணமாத் தர்றேன். நாளைக்கே பத்தாயிரம் தர்றேன். கருப்பன் வண்டிய வாங்கிக்கோ."

"கருப்பன் போன வாரமே வித்துட்டான்."

"வேற வண்டி பாக்கலாம், நானே பாத்துத் தர்றேன்."

தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அங்க நான் மண்டி போட்டு வுழுந்தப்ப நீ எங்க இருந்தே?"

அவள் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"அங்கதான் இருந்தேன்."

"வாய் இருந்துச்சா?"

நான் நீட்டிய காசை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினேன்.

"உன் மச்சான் ஒரு வார்த்தை சொன்னதும் தொறந்துச்சே அந்த வாய்! எனக்குத் தொறக்கலையே. போலின்னு சொன்னது அந்தாளுக்காக. அசல்னு கத்துனதும் அந்தாளுக்காக. நடுவுல ஒரு பொம்பளை கூடையோட நிக்கறது உனக்குத் தெரியவே இல்ல." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குத் திருப்பிக் கத்தவாவது வசதியாக இருந்திருக்கும். "காலையில வரைக்கும் அஞ்சு ரூபா போச்சுன்னு இருந்தேன். இப்ப என் வண்டி போச்சுன்னு தெரியுது. ராத்திரி கால் வலிக்கறப்பல்லாம் இது ஞாபகம் வரும். அதையாவது சொல்லாம இருந்திருக்கலாம் நீ."

"தப்புதான் சரசு. பணத்தை வாங்கிக்கோ."

"நீ குடுத்த வண்டியில என் பூ வாடிரும், போ."

பூவை ஈரத்துணியால் மூடினாள். பூ நிறைந்த கூடையைத் தலைக்கு ஏற்ற இன்னொருவர் கை கொடுக்க வேண்டும், அவள் ஒருத்தியால் ஆகாது. நான் காசை மடியில் சொருகிவிட்டு ஒரு பக்கம் பிடிக்கக் குனிந்தேன்.

"தொடாதே" என்றாள்.

கூடைமேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கூழ் வாங்கப் பாத்திரத்தோடு சந்தில் யாரோ வெளியூர் அம்மாள் வரும்வரைக்கும் நின்றாள். நானும் நின்றேன்.

"யம்மா, கொஞ்சம் கை குடும்மா" என்று அவளைக் கூப்பிட்டாள்.